பூச்சியம் என்று எழுதலாமா?



சதுர அலையை வரைவதைப் போன்ற எளிய வேலை இயற்பியலில் வேறொன்று உண்டோ? அளவுகோலை வைத்துப் படுக்கையாக ஒரு கோடு, செங்குத்தாக ஒரு கோடு, மீண்டும் படுக்கை, மீண்டும் செங்குத்து. கோட்டை மதில் போல ஓர் அலை தயாராகிவிடும். நானும் முதலாண்டில் செய்முறை ஏட்டில் பக்கம் பக்கமாக அப்படி வரைந்திருக்கிறேன், மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்தச் செங்குத்துக் கோடு உண்மையில் எங்குமே இல்லாத கோடு என்பதை இரண்டாமாண்டில்தான் அறிந்தேன். அதை எனக்கு அறிவித்தது மின்சுற்றுச் சிமுலேஷன் மென்பொருள் ஒன்று. மின்சுற்றைக் கணினித் திரையில் வரைந்து, அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

அரசு கலைக் கல்லூரிகளின் இயற்பியல் செய்முறைக் கூடங்களுக்குள் அந்த மென்பொருள் வரவேண்டும். கருவிகளுக்கு மாற்றாக அன்று, கருவிகளைத் தொடுமுன் நம்மைக் கேள்வி கேட்கும் ஆசானாக வரவேண்டும் என்பது என் கருத்து. அக்கருத்துக்கு நான் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கேளம்பாக்கம். ஒருபுறம் உப்பளம், மறுபுறம் சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள். இடையே பழைய மாமல்லபுரம் சாலை. அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, அந்தக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் உணவுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் நிறுத்திக்கொண்டதால்தான் நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் வீட்டில் பட்டப்படிப்பின் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பள்ளியில் அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்றும் வீட்டில் இருக்கிறது. மின்கலம் போய்விட்டது, மின்இணைப்பைப் பிடுங்கினால் உயிரும் போய்விடும். ஆயினும் ஓடுகிறது.

செய்முறை வகுப்பில் ஒரு மேசைக்கு ஆறு பேர் நிற்கிறோம். சி.ஆர்.ஓ. என்று நாம் அழைக்கும் அலைவுகாட்டியின் குமிழைத் திருப்புவது ஒருவர், பார்ப்பது இருவர், எழுதுவது மூவர். இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. கருவி விலை உயர்ந்தது, மாணவர் தொகையோ பெரிது. எழுதும் மூவரில் ஒருத்தியாகவே நான் முதலாண்டு முழுவதும் இருந்தேன். மின்தடையும் மின்தேக்கியும் கொண்ட வகையீட்டுச் சுற்றுக்குச் சதுர அலையைக் கொடுத்தால் ஊசி முனைகள் போன்ற வெளியீடு வரும் என்று எழுதினேன். ஏன் வருகிறது, எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

இந்த ஆண்டு ஒரு விடுமுறையில் அக்காவின் மடிக்கணினியில் அந்த மென்பொருளை நிறுவினேன். 10 கிலோ ஓம் மின்தடை, 0.01 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி. இரண்டையும் பெருக்கினால் நேர மாறிலி 0.1 மில்லி நொடி. இதற்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுக்க வேண்டும். ‘சதுர அலை’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் வந்துவிடும் என்று எண்ணினேன். பொத்தான் இல்லை. ‘பல்ஸ்’ என்றொரு மூலம் இருந்தது. அதைத் தொட்டதும் ஏழு கட்டங்கள் திறந்தன. ஏழிலும் எண் கேட்டது!

தொடக்க மின்னழுத்தம் 0. துடிப்பு மின்னழுத்தம் 5. தாமத நேரம் 0. இதுவரை எளிது. அடுத்து எழும் நேரம், விழும் நேரம் என்று இரண்டு கட்டங்கள். செங்குத்துக் கோட்டுக்கு ஏது நேரம்? இரண்டிலும் பூச்சியம் என்று எழுதினேன். துடிப்பின் அகலம் அரை மில்லி நொடி. அலைவு நேரம் ஒரு மில்லி நொடி. கணக்கிடும் படிநேரம் என்று வேறோர் இடத்தில் கேட்டதற்கு, ஏதோ ஒன்று என்று 0.1 மில்லி நொடி கொடுத்தேன். ஓட்டினேன்.

திரையில் கோட்டை மதில் வரவில்லை. இரு பக்கமும் சரிந்த சரிவகம் வந்து நின்றது! மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் சமமாக இல்லை. ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் இருந்தன. வெளியீட்டின் ஊசி முனை 5 வோல்ட்டுக்கு எழ வேண்டியது, ஏறக்குறைய 3 வோல்ட்டிலேயே நின்றுவிட்டது. மடிக்கணினி பழசு, அதனால்தான் என்று நினைத்தேன். அழித்து எழுதினேன், ஐந்து முறை செய்தேன், ஐந்து முறையும் அதே சரிவகம்.

மறுநாள் கல்லூரியில் மூன்றாமாண்டு அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிட்டு, “எழும் நேரத்துல பூச்சியம் போட்டா அது ஒத்துக்காதும்மா. அதுவா ஒரு எண்ணைப் போட்டுக்கும். நீ குடுத்த படிநேரத்தையே எடுத்துக்கிட்டிருக்கு, பாரு” என்றார். குற்றம் மென்பொருளுடையது அன்று, என்னுடையதே. எழுவதற்கு 0.1 மில்லி நொடி, உச்சியில் 0.5, விழுவதற்கு 0.1 என்று அது தெளிவாகத்தான் வரைந்திருந்தது. எழும் நேரம் சுற்றின் நேர மாறிலிக்குச் சமமாகிவிட்டதால், 5 வோல்ட்டில் சுமார் 63 விழுக்காடு, அதாவது 3.16 வோல்ட் அளவுக்கே ஊசி முனை எழ முடியும். சூத்திரத்தில் போட்டுப் பார்த்தபோது கணக்கு அப்படியே வந்தது. எனக்கு மெய் சிலிர்த்தது.

அது ஏன் பூச்சியத்தை ஏற்க மறுக்கிறது? மின்தேக்கியின் வழியே பாயும் மின்னோட்டம், அதன் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. பூச்சிய நேரத்தில் 5 வோல்ட் மாறினால் அந்த வேகம் முடிவிலியாகிவிடும். முடிவிலியை எந்தக் கணினியும் கூட்டிக் கழிக்க இயலாது. எந்த மின்கலமும் கொடுக்க இயலாது. நம் கணிதப் பாடத்தில் வரும் ஃபூரியர் தொடரும் இதையேதான் சொல்கிறது. சதுர அலை என்பது அடிப்படை அதிர்வெண்ணோடு, அதன் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என ஒற்றைப்படை மடங்குகளைச் சேர்த்துக்கொண்டே போவது. முனை செங்குத்தாக வேண்டுமாயின் முடிவே இல்லாமல் சேர்க்க வேண்டும். எந்தக் கம்பியும் எந்தக் கருவியும் அத்தனை அதிர்வெண்ணையும் கடத்தாது. 555 டைமர் சில்லின் வெளியீடு எழுவதற்கே சுமார் 100 நானோ நொடி ஆகிறது. நாம் பார்க்கும் அலைவுகாட்டிக்கும் ஓர் எழும் நேரம் உண்டு. 20 மெகா ஹெர்ட்ஸ் கருவியாயின் அது ஏறத்தாழ 17.5 நானோ நொடி. பார்க்கும் கண்ணுக்கே இமைக்க நேரம் வேண்டியிருக்கிறதே!

இதை வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு அலையும் புரியவில்லை, வோல்ட்டும் புரியவில்லை. ஆனால் சரிவகத்தின் படத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: “மடையத் தொறந்த ஒடனே பாத்தி ரொம்பிடுமாம்மா? தண்ணி வர்றதுக்கு நேரம் வேணாமா?” உப்பளத்தில் மடையைத் திறந்தால் வாய்க்கால் நீர் பாத்திக்குள் மெல்ல ஏறும், அடைத்தால் மெல்ல அடங்கும். திறந்த கணத்திலேயே நிறைந்த பாத்தியை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. எழும் நேரம் என்பதை எனக்கு முன்பே அறிந்தவர் என் அப்பா. பெயர்தான் அவருக்குத் தெரியாது.

பிறகு எண்களைத் திருத்தினேன். எழும் நேரம் 100 நானோ நொடி, விழும் நேரம் 100 நானோ நொடி, அலைவு நேரம் 1000 மைக்ரோ நொடி. துடிப்பின் அகலம் எவ்வளவு? அரை மில்லி நொடி என்று அவசரப்பட்டு எழுதக் கூடாது. மென்பொருள் கேட்கும் அகலம் என்பது உச்சியில் சமதளமாக நிற்கும் நேரம் மட்டுமே. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அதில் சேரா. பாதி உயரத்தில் அளந்தால் சரிபாதியாக வரவேண்டுமெனில், 500 மைக்ரோ நொடியிலிருந்து எழும் நேரத்தைக் கழித்து 499.9 என்று கொடுக்க வேண்டும். படிநேரத்தையும் 1 மைக்ரோ நொடியாகச் சுருக்கினேன். இப்போது கோட்டை மதில் வந்தது. ஊசி முனையும் 5 வோல்ட்டைத் தொட்டது.

இன்னொரு பள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், நண்பர்கள் விழாதிருக்கட்டும். இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் ‘எம்’ என்ற எழுத்து பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் மில்லியையே குறிக்கும். மெகா வேண்டுமாயின் ‘மெக்’ என்று மூன்று எழுத்தில் எழுத வேண்டும். பத்து லட்சம் ஓம் மின்தடை என்று நினைத்து ஒரு ‘எம்’ போட்டால், ஓம்மில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். தோழி ஒருத்தியின் சுற்று முழு நாளும் ஓடாமல் கிடந்ததற்கு அந்த ஓர் எழுத்தே காரணம்.

இந்த வழக்கங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற ஆராய்ச்சி மாணவர், டொனால்டு பெடர்சன் என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில் ‘ஸ்பைஸ்’ என்னும் நிரலை எழுதி 1973இல் வெளியிட்டார். அதன் முந்தைய வடிவம் ஒரு வகுப்பில் மாணவர்கள் கூடிச் செய்த பயிற்சியிலிருந்து முளைத்தது. துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணினிக்குக் கட்டளையிட்ட காலம் அது. அந்த நிரலைப் பூட்டி வைக்காமல் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள். ஆகவேதான் இன்றைய சிமுலேஷன் மென்பொருள்கள் பலவும் அதன் வழித்தோன்றல்களாக இருக்கின்றன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பெர்க்லியும் மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த அரசுப் பல்கலைக்கழகம்தான். அரசுக் கல்விக்கூடத்தில் பிறந்த கருவி அரசுக் கல்லூரிக்கு வரக் கூடாதா?

நம் நாட்டிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று நடத்திய ‘ஃபாஸீ’ என்ற திட்டம், ஒன்றிய அரசின் கல்வித் துறை உதவியோடு ‘ஈசிம்’ என்ற மென்பொருளைத் தந்திருக்கிறது. படம் வரைய ‘கிகேட்’, கணக்கிட ஸ்பைஸின் வாரிசான ‘என்ஜி ஸ்பைஸ்’ என ஏற்கெனவே உள்ள கட்டற்ற மென்பொருள்களை ஒன்றாகக் கோத்தது அது. ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. அதே கழகத்தின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ திட்டம், பல மென்பொருள்களுக்கான பாடங்களைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்து வைத்திருக்கிறது. ஆகவே பணம் இல்லை என்ற காரணம் இனிச் செல்லாது.

மறுப்புகள் எழாமல் இல்லை. நான் கேட்டவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது: “இது பொறியியல் மாணவர்களின் வேலை, கலைக் கல்லூரியில் இயற்பியல் படிப்பவருக்கு எதற்கு?” எழும் நேரம் ஏன் பூச்சியமாகாது என்பது பொறியியலா, இயற்பியலா? அலையைச் செய்து விற்பது வேண்டுமானால் பொறியியலாக இருக்கட்டும். அலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பது நம் வேலை அன்றோ?

இரண்டாவது: “திரையில் பார்த்துப் பழகினால் மாணவர் கையால் கம்பியைத் தொட மாட்டார்.” இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. திரையில் உள்ள மின்தடை சரியாக 10 கிலோ ஓம்தான். மேசையில் உள்ளதோ அதற்குச் சற்று மேலும் கீழும் இருக்கும். திரையில் கம்பி கழலாது, பிரெட்போர்டில் கழலும். ஃபங்ஷன் ஜெனரேட்டரின் சதுர அலை சாதாரணமாகப் பூச்சியத்துக்கு மேலும் கீழும் சமமாக ஊசலாடும். நான் திரையில் கொடுத்த அலையோ 0 முதல் 5 வரை மட்டுமே. இந்த வேறுபாட்டை மேசையில்தான் கற்க முடியும். ஆகவேதான் கருவிக்கு மாற்றாக வேண்டாம் என்கிறேன். ஆனால் என் போன்ற ‘எழுதும் மூவர்’ கம்பியைத் தொடாமல் நிற்பது திரையினாலா? வந்து நின்றபோது என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாததால் அல்லவா பின்னால் நின்றோம்! அந்தச் சரிவகத்துக்குப் பிறகு வந்த செய்முறை வகுப்பில், குமிழைத் திருப்பத் துணிந்து நான் முன்னால் சென்றேன். அலையின் முனையை விரித்துப் பார்த்தேன். அங்கேயும் சரிவு இருந்தது. மிகச் சிறிய சரிவு, ஆனால் இருந்தது.

மூன்றாவது: “ஒரு வகுப்புக்கு வேண்டிய கணினிக்கு எங்கே போவது?” இத்தகைய சிறு சுற்றுகளைக் கணக்கிடப் புதிய கணினி தேவையே இல்லை. பழைய மடிக்கணினி ஒன்றில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அது ஓடும்போது, கல்லூரியின் கணினி அறையில் ஓடாதா?

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடமும் நண்பர்களிடமும் பணிவுடன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். மாலை வேளையில் ஒரு மணி நேரம் கணினி அறையை இதற்கெனத் திறந்துவைக்கலாம். அலைச் சுற்றுகள் பற்றிய ஒவ்வொரு செய்முறைக்கும் ஏட்டில் மூன்று பத்திகள் இருக்கலாம்: சூத்திரம் தந்த எண், திரை தந்த எண், மேசை தந்த எண். மூன்றும் ஒன்றாகா, ஏன் ஒன்றாகவில்லை என்று இரண்டு வரி தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லலாம். அந்த இரண்டு வரிக்குத்தான் உண்மையான மதிப்பெண். மூன்றாவதாக, பல்ஸ் மூலத்தின் ஏழு கட்டங்களுக்கும் தமிழில் விளக்கம் எழுதி அறைச் சுவரில் ஒட்டலாம். ஆங்கிலத்தில் ஏழு சொற்களைக் கண்டு மிரண்டு எழுந்துபோனவர்களை நான் அறிவேன். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். அகலம், தாமதம் என்று சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சுவரொட்டியை எழுதிக் கொடுக்கும் வேலையை நானே ஏற்கிறேன்.

மென்பொருளின் பெருமை விடை தருவதில் இல்லை. கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது. ஜெனரேட்டரின் பொத்தானை அழுத்தினால் அலை வந்துவிடும்; நாம் ஒன்றும் அறிந்திருக்க வேண்டியதில்லை. மென்பொருளோ எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று நம்மிடமே கேட்கிறது. பதில் தெரியாமல் பூச்சியம் என்று எழுதினால், அது தனக்குத் தோன்றிய எண்ணை இட்டுக்கொள்கிறது. பிறகு வரும் விடை நம்முடையது அன்று.

இந்தப் பாடம் மின்சுற்றோடு நின்றுவிடவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த எங்களைப் பார்த்து, இரண்டு ஆண்டு ஆகியும் இன்னும் ஆங்கிலம் வரவில்லையா, இன்னும் வேலைக்கு வழி தெரியவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வாயிலில் நுழைந்த கணத்தில் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்குச் செங்குத்தாக ஏறிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நாங்களும் ஏறாத நாளில் எங்கள் பெயருக்கு நேரே பூச்சியம் என்று எழுதிக்கொள்கிறோம். எந்த அலையும் பூச்சிய நேரத்தில் எழுந்ததில்லை. எழும் நேரத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும். உச்சி தானே வரும்.

அக்கா அன்றிரவு வேலை முடிந்து வந்து, திரையில் நின்ற அலையைப் பார்த்து, “இதுக்குத்தான் நாலு நாளா உக்காந்திருந்தியா?” என்றாள். ஆமாம் என்றேன். “இந்த ஓரத்துல கொஞ்சம் சாஞ்சிருக்கே?” என்று விரலை வைத்துக் காட்டினாள். முனையை விரித்து வைத்திருந்தேன்; அதைத் தானாகவே பார்த்துவிட்டாள். அவளும் படித்திருக்க வேண்டியவள்.

— இளம் அறிவியல் இரண்டாமாண்டு மாணவி, இயற்பியல் துறை